குளிர் சமைக்கும் கிண்ணம்

பியோங்யாங் நேங்மியோனை முதல்முறை சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். வெண்கலக் கிண்ணத்தில் தெளிந்த சாறு. நடுவே சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் சுருட்டி வைத்த நூடுல்ஸ். அதன்மேல் இரண்டு மூன்று இறைச்சித் துண்டுகள், பேரிக்காய்ச் சீவல், அவித்த முட்டையில் ஒரு பாதி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி ஒரு வாய் குடித்தால் உப்பு உறைக்காது, காரமும் தெரியாது. ஜில்லென்று ஏதோ தொண்டைக்குள் இறங்கும், அவ்வளவுதான். பாத்திரம் துடைக்கும் துணியை அலசிய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று சியோலிலேயே சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களே நாலைந்து கிண்ணம் சாப்பிட்ட பிறகு, அதற்காகக் கொளுத்தும் வெயிலில் கடை வாசலில் வரிசைகட்டி நிற்பதும் உண்டு. இந்த மெல்லிய, அடங்கிய சுவையைச் சொல்லக் கொரிய மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது. நேங்மியோன் பிரியர்கள் வாயில் அது பாராட்டுச் சொல்.

நேங் என்றால் குளிர். மியோன் என்றால் நூடுல்ஸ். கொரியாவின் வடக்கில் பிறந்த இந்த உணவைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது. சமையல் என்றாலே நெருப்பு என்று பழகிவிட்டோம். ஆறவைப்பதும் குளிரில் வைப்பதும் சமையல் முடிந்த பிறகு நடக்கிற காரியங்கள் என்றே நினைக்கிறோம். நேங்மியோனில் அடுப்பை அணைக்கும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். சாற்றைத் தெளிய வைப்பது, புளிப்பைப் பக்குவப்படுத்துவது, நூடுல்சுக்கு இழுவை கொடுப்பது எல்லாம் அதன்பிறகு குளிர் செய்கிற சமையல்.

அந்த ஏமாற்றமளிக்கும் முதல் வாயிலிருந்தே தொடங்கலாம். உருகிப்போன ஐஸ்கிரீமை வீணாக்க மனமில்லாமல் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தாங்கமுடியாமல் திகட்டும். உறைந்திருந்தபோதும் அதே சர்க்கரைதான் இருந்தது. மாறியது நம் நாக்கு. சுவை அரும்புகளின் செல்களில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதம் இருக்கிறது. மின்னேற்றம் கொண்ட அயனிகளை உள்ளே விடும் மிகச் சிறிய மதகு அது. இனிப்பான மூலக்கூறு ஒன்று செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டியதும் உள்ளே வேதிமாற்றங்கள் வரிசையாக நடந்து, கடைசியில் இந்த மதகு திறந்தால்தான் செய்தி நரம்புக்குப் போகும். 2005இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, 15 டிகிரி செல்சியசிலிருந்து 35 வரை வெப்பம் ஏற ஏற இந்த மதகு தாராளமாகத் திறக்கிறது என்று காட்டியது. குளிரக் குளிர மதகு இறுகிக்கொள்கிறது. கசப்புக்கும், இறைச்சிச் சாற்றின் ருசிக்குக் காரணமான உமாமிக்கும் இதே மதகுதான் வழி. புளிப்பு போகும் பாதை வேறு. ஆகவே நாலைந்து டிகிரிக் குளிரில் இருக்கும் ஒரு சாற்றில் ருசியும் இனிப்பும் பின்வாங்கிவிட, புளிப்பு முன்னுக்கு வந்து நிற்கிறது. மணம் தரும் மூலக்கூறுகளும் குளிரில் எளிதாக மேலெழுந்து மூக்கை எட்டுவதில்லை.

இதைத் தெரியாதவர் நேங்மியோன் சாறு வைத்தால் தோற்றுப்போவார். அடுப்பில் கொதிக்கும்போது ருசி பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று இறக்கியது, மறுநாள் குளிர்ந்தபின் வெறும் தண்ணீராக இருக்கும். நல்ல சமையற்காரர் குளிரவைத்த பிறகே உப்புப் பார்ப்பார்.

கொழுப்பு இன்னொரு தொல்லை. சூடான மாட்டிறைச்சி சூப்பில் மினுமினுக்கும் எண்ணெய்ப் பொட்டுகள்தான் அதன் அழகே. ஆனால் மாட்டுக்கொழுப்பு உருக ஏறத்தாழ 40 டிகிரியாவது வேண்டும். நம் வாயின் சூடு 37. ஜில்லென்ற சாற்றில் அந்தக் கொழுப்பு மிச்சமிருந்தால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உருகவே உருகாது. அதனால் சாற்றை நன்றாகக் குளிரவிட்டு, மேலே வெள்ளையாக உறைந்து படியும் கொழுப்பைப் பாளம் பாளமாக எடுத்துவிடுகிறார்கள். எலும்பை அதிகம் போட்டுக் கொதிக்கவைத்தால் ஜெலட்டின் இறங்கி, குளிர்ந்ததும் சாறு முழுக்க ஜெல்லியாகக் கட்டிக்கொள்ளும். ஆகவே எலும்பைவிட நெஞ்சுக்கறி, தொடைக்கறி போன்ற சதைப்பற்றான துண்டுகளை நம்புகிறார்கள். அந்தக் காலத்தில் வடக்கில் காட்டுக்கோழி வகையைச் சேர்ந்த ஃபெசன்ட் பறவையை வேட்டையாடி வந்து சாறு வைத்தார்கள். கொழுப்பு குறைந்த பறவை. குளிர்ந்த சாற்றுக்கு அதைவிடப் பொருத்தமான இறைச்சி கிடைப்பது கடினம்.

உமாமி குளிரில் பின்வாங்குகிறது என்றேன். அதை ஈடுகட்டும் வழி வேதியியலில் இருக்கிறது. இறைச்சிச் சாற்றில் இனோசினேட் என்ற பொருள் உண்டு. அதோடு சிறிதளவு குளுட்டமேட் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு, கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு ருசி தெரியும். குளுட்டமேட்டைக் கடற்பாசியிலிருந்து பிரித்து அடையாளம் கண்டவர் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேடா, 1908இல். அந்த உப்பு அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவுக்குள்ளும் நுழைந்தது. அங்கே நேங்மியோன் கடைகள் அதற்கு நல்ல வாடிக்கையாளர்களாயின. இதை ஏமாற்றுவேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. குளிர் எதைப் பறிக்கிறதோ அதைத் திருப்பிக் கொடுக்கும் பொருளைச் சமையற்காரர்கள் நாக்காலேயே கண்டுபிடித்தார்கள்.

ஆனால் பியோங்யாங் கிண்ணத்தின் உயிர் இறைச்சிச் சாற்றில் மட்டும் இல்லை. அதோடு கலக்கும் தோங்சிமியில் இருக்கிறது.

தோங்சிமி என்பது தண்ணீராக இருக்கும் ஒரு கிம்ச்சி, அதாவது புளிக்கவைத்த கொரியக் காய்கறி. மிளகாய்த்தூளின் சிவப்பு கிடையாது. குளிர்காலத் தொடக்கத்தில் சின்ன முள்ளங்கிகளை முழுசாக உப்பில் புரட்டி ஜாடியில் அடுக்கி, பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், பேரிக்காய் போட்டு உப்புத்தண்ணீர் ஊற்றி, ஜாடியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். வெளியே காற்று பூஜ்யத்துக்கு வெகு கீழே போனாலும் மண்ணுக்குள் அவ்வளவு குளிராது. உறையவும் உறையாமல் சூடாகவும் ஆகாமல், உறைநிலைக்கு ஒட்டி ஓரிரண்டு டிகிரி மேலே வாரக்கணக்கில் ஜாடி அப்படியே கிடக்கும். முள்ளங்கியோடு வந்த நூற்றுக்கணக்கான நுண்ணுயிர் வகைகளில் பெரும்பாலானவை அந்தக் குளிரிலும் உப்பிலும் சோர்ந்துவிட, லியுகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா வகை மட்டும் மெதுவாக வேலை பார்க்கிறது. முள்ளங்கியின் சர்க்கரையைத் தின்று அது லாக்டிக் அமிலத்தைத் தருகிறது. கூடவே கொஞ்சம் அசெட்டிக் அமிலம், வாயில் குளிர்ச்சி காட்டும் மானிட்டால் என்ற இனிப்பு, கரியமில வாயு. இதே ஜாடியை வெப்பமான இடத்தில் வைத்தால் வேறு பாக்டீரியாக்கள் மேலோங்கி, சில நாளிலேயே வெறும் புளிப்பாக முடிந்துவிடும்.

வாயுவும் குளிருக்குக் கட்டுப்பட்டது. 20 டிகிரித் தண்ணீரைவிடப் பூஜ்ய டிகிரித் தண்ணீரில் கரியமில வாயு சுமார் இரண்டு மடங்கு கரையும். அதனால்தான் நடுக்குளிரில் திறந்த தோங்சிமி, சோடா மாதிரி நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்துகிறது. யாரும் வாயுவை அடைக்காமலே உருவான சோடா.

இப்போது ஓர் இரவை நினைத்துப் பார்க்கலாம். வடக்கே, நடுக்குளிர் மாதம். வெளியே ஆறு உறைந்து கிடக்கிறது. வீட்டுக்குள்ளோ தரை சுடுகிறது. கொரிய வீடுகளில் ஒண்டோல் என்ற ஏற்பாடு உண்டு. அடுக்களை நெருப்பின் சூட்டுப்புகை தரைக்கல்லுக்கு அடியில் ஓடும் பாதைகள் வழியாகப் போய் மறுமுனையில் வெளியேறும். கல் சூடேறி இரவெல்லாம் கணகணவென்று இருக்கும். அந்தச் சூட்டில் உட்கார்ந்து முகம் சிவந்துபோய், நாவறண்டு, இரவு பசிக்கிற நேரத்தில் யாரோ ஒருவர் வெளியே போய் ஜாடியின் மேல் படிந்த மெல்லிய பனிக்கட்டியை அகப்பையால் தட்டி உடைத்து ஒரு பாத்திரம் தோங்சிமி மொண்டு வருகிறார். அதில் நூடுல்சைப் போட்டால் நேங்மியோன். ஹோங் சோக்-மோ என்ற அறிஞர் 1849இல் எழுதிய ‘தோங்குக் செசிகி’ என்ற நூல், கொரியர்களின் ஆண்டுச் சடங்குகளையும் பருவ உணவுகளையும் மாதவாரியாகச் சொல்வது. அதில் நேங்மியோன் சந்திர ஆண்டின் 11ஆம் மாதத்து உணவாகத்தான் இருக்கிறது. வடமேற்குப் பகுதியின் நேங்மியோனே சிறந்தது என்றும் அது சொல்கிறது. பியோங்யாங் அந்தப் பகுதியின் நகரம்.

அந்தப் பனிக்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சதவீத உப்புத்தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறையாது. மைனஸ் ஒரு டிகிரிக்குச் சற்றே கீழே போனால்தான் உறையத் தொடங்கும். தொடங்கினாலும் முதலில் உறைவது ஏறத்தாழ வெறும் தண்ணீர்தான். உப்பும் புளிப்பும் உறையாத மிச்சத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் கெட்டிக் கட்டியாகாமல் ஊசி ஊசியாக, நொறுங்கிய பனியும் செறிந்த சாறும் கலந்த கூழ்போல ஆகிறது. நல்ல கடைகள் சாற்றில் ஐஸ்கட்டி போடாமல் சாற்றையே இப்படிப் பாதி உறையவைத்துப் பரிமாறுவதற்குக் காரணம், ஐஸ்கட்டி உருகினால் சாறு நீர்த்துப்போகும் என்பதுதான்.

நூடுல்சும் குளிர்காலத்தை ஒட்டி வரும் விளைச்சல்தான். அது பக்வீட் மாவு. வடஇந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடுகிற குட்டு மாவு இதுவே. பெயரில் வீட் இருந்தாலும் கோதுமைக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. புல்லினத்தைச் சேர்ந்ததே இல்லை. நம் சுக்காங்கீரையின் குடும்பம். விதை முக்கோணமாக இருக்கும். விதைத்து மூன்று மாதத்துக்குள் அறுத்துவிடலாம் என்பதால், நெல் விளையாத வடக்கு மலைச்சரிவுகளில் குளிர் வருவதற்குள் ஒரு போகம் எடுக்கலாம். இலையுதிர் காலத்தில் அறுவடை. முள்ளங்கி ஜாடிக்குள் போகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான்.

இந்த மாவில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளக் காரணமான புரதவலை இதில் உருவாகாது. கையால் இழுத்து நூடுல்ஸ் செய்யப் பார்த்தால் பொலபொலவென்று உதிரும். இந்தச் சிக்கலை நம் பாட்டிமார் வேறொரு மாவில் தீர்த்திருக்கிறார்கள். அரிசி மாவிலும் குளூட்டன் இல்லை. வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, இடியாப்பக் குழலில் போட்டு அழுத்திப் பிழிகிறோம். கொதிநீர் பட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதி அரைவேக்காடாகப் பசைபோல் ஆகி மீதி மாவைப் பிடித்துக்கொள்கிறது. கொரியர்கள் செய்ததும் இதேதான். வெந்நீரில் பிசைந்த மாவைத் துளையிட்ட உருளைக்குள் திணித்து, மேலிருந்து நெம்புகோலால் அழுத்துவார்கள். மரத்தாலான பெரிய அச்சு, கீழே நேராகக் கொதிக்கும் கொப்பரை. துளை மெல்லியது, மாவு கெட்டி. கை பலம் போதாது, ஆள் உடம்பின் எடை முழுவதையும் நெம்புகோலில் ஏற்ற வேண்டும். மெதுவாக வெளிவரும் இழை காற்றைப் பார்க்காமலே கொதிநீரில் விழுந்து வேகிறது. ஓரிரு நிமிடம்கூட ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதற்கு அடுத்தது. வெந்த இழைகளை வாரி அப்படியே ஜில்தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, துணி அலசுவதுபோல் கையால் அலசுகிறார்கள். மேற்பரப்பில் வழுவழுப்பாக ஒட்டியிருந்த பசை கழுவிப் போகிறது. அதைவிட முக்கியமானது உள்ளே நடக்கிறது. மாவுச்சத்து வேகும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் தண்ணீரை ஏற்று, கட்டவிழ்ந்து மிதக்கும். திடீரென்று குளிர் பட்டதும் அவற்றில் கிளையில்லாத நேரான அமைலோஸ் சரடுகள் ஒன்றையொன்று தேடிப் பின்னிக்கொண்டு மீண்டும் இறுகுகின்றன. வடித்த சோறு மறுநாள் விறைத்துப்போவதும் இதே மாற்றத்தால்தான். சோற்றுக்கு அது குறை. நேங்மியோனுக்கோ கோதுமையின் புரதவலை இல்லாத இடத்தில் குளிர் கட்டித்தரும் எலும்புக்கூடு அதுதான். சூடான சூப்பில் போட்டால் இந்த இழைகள் சில நிமிடங்களில் குழைந்துவிடும். பனியில் கிடக்கும்வரை நின்று தாங்கும்.

வடகிழக்கில், ஹம்ஹங் நகரத்தைச் சுற்றி நேங்மியோன் வேறு முகம் எடுத்தது. அது உருளைக்கிழங்கு விளையும் மண். அங்கே பக்வீட்டுக்குப் பதில் கிழங்கு மாவுச்சத்திலேயே இழை பிழிந்தார்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும், மெலிந்த, பல்லுக்கு லேசில் அறுபடாத இழை. சாறு கிடையாது. மிளகாய் விழுதில் பிசைந்து, மேலே காரத்தில் ஊறிய பச்சை மீன் வைப்பார்கள். மேசையில் கத்தரிக்கோலும் வரும். நீண்ட இழை நீண்ட ஆயுளைக் குறிக்கும் என்பதால் வெட்டவே கூடாது என்று சொல்கிற பெரியவர்களும் உண்டு.

1950இல் வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் இடையே போர் வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஹம்ஹங்குக்குப் பக்கத்திலுள்ள ஹங்னாம் துறைமுகத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கப்பலேறித் தெற்கே வந்தார்கள். 1953இல் சண்டை நின்றது, எல்லை திறக்கவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போகவே முடியவில்லை. வடக்கத்திய அகதிகள் சியோலின் ஓஜாங்-தோங் பகுதியிலும், கிழக்குக் கரையில் சோக்சோவிலும் நூடுல்ஸ் கடை போட்டார்கள். தெற்கே சர்க்கரைவள்ளிக்கிழங்கு கிடைத்தது, அதன் மாவுச்சத்தில் ஹம்ஹங் இழை பிழிந்தார்கள். துறைமுக நகரமான பூசானில் பக்வீட்டும் அரிது, கிழங்கு மாவும் அரிது. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு கிடைத்தது. அதை வைத்துக் குளிர்ந்த நூடுல்ஸ் செய்தார்கள். மில்மியோன் என்று பெயர். மில் என்றால் கோதுமை. இன்று அது பூசானின் அடையாள உணவு. கிடைத்த மாவை வைத்து, ஊரில் சாப்பிட்ட அந்தக் குளிர்ச்சியை மட்டுமாவது பிடித்துவிட வேண்டும் என்று தவித்தவர்கள் கண்டுபிடித்த உணவு அது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

குளிர்கால உணவு கோடைக்கு எப்படி வந்தது? பனிக்கட்டியைச் சேமிக்கும் பழக்கம் கொரியாவில் வெகு பழையது. கியோங்ஜு நகரில் 1738இல் கட்டிய கல் பனிக்கிடங்கு இன்றும் நிற்கிறது. சியோலில் ஹான் ஆற்றங்கரையோரம் மேற்குப் பனிக்கிடங்கு என்ற பொருளில் சோபிங்கோ என்றொரு பேட்டையே உண்டு. குளிர்காலத்தில் ஆற்றுப்பனியைப் பாளமாக அறுத்து அங்கே அடுக்கினார்கள். அரண்மனைக்கும் அதிகாரிகளுக்கும் போன பனி அது. எளியவர் கிண்ணத்தில் கோடையில் பனி மிதந்தது 20ஆம் நூற்றாண்டில் ஐஸ் ஆலைகளும் பிறகு குளிர்பதனப் பெட்டிகளும் வந்த பின்புதான். இன்று சியோலில் ஜூலை, ஆகஸ்டில்தான் கடைவாசல் வரிசை மிக நீளம்.

உடம்பு உண்மையில் எவ்வளவு குளிர்கிறது? அரை லிட்டர் சாறு 2 டிகிரியில் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 37 டிகிரிக்கு வர உடம்பிலிருந்து சுமார் 17 கிலோகலோரி வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். தோலில் 30 மில்லி வியர்வை ஆவியாகும்போது போகும் வெப்பம் கிட்டத்தட்ட அதே அளவு. பெரிய தொகை இல்லை. ஆனால் வாயிலும் தொண்டையிலும் உள்ள குளிருணரும் நரம்புகள் உடனே கொடுக்கும் செய்தி அந்தக் கணக்கைவிடப் பெரியது. ஒண்டோல் தரையில் உட்கார்ந்தவருக்கும் அந்தச் செய்திதான் தேவைப்பட்டிருக்கும்.

மேசையில் இரண்டு சிறு குப்பிகள் இருக்கும். ஒன்றில் வினிகர், இன்னொன்றில் கடுகு விழுது. வினிகர் எதற்கு என்று மேலே சொன்னதிலிருந்தே ஊகிக்கலாம். குளிரில் மங்காத சுவை புளிப்பு. கடுகு அதைவிடச் சுவாரசியமானது. முழுக் கடுகில் காரமே இல்லை. சினிக்ரின் போன்ற ஒரு பொருளும், மைரோசினேஸ் என்ற நொதியும் விதைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைத்துத் தண்ணீர் விட்டால்தான் இரண்டும் சந்தித்து, மூக்கில் ஏறும் அந்தக் காரம் பிறக்கிறது. கொரியர்கள் கடுகுத்தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சற்று நேரம் வைப்பது நொதி சுறுசுறுப்பாக வேலை செய்வதற்காக. நாம் கொதிக்கும் எண்ணெயில் தாளிக்கும்போது நொதி வெந்து செத்துவிடுகிறது. அதனால்தான் தாளித்த கடுகு மூக்கில் ஏறாமல் வாசனையாக மட்டும் நிற்கிறது. குழைத்த கடுகின் காரம் ஆவியாகி மூக்குக்குப் போகும் வகை. குளிரில் நாக்கு மந்தித்துப்போன நேரத்தில் வேறொரு வாசல் வழியாக உள்ளே வருகிறது.

பக்வீட் எல்லோருக்கும் ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு இதனால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகத் தொடங்குவது நல்லது.

2018 ஏப்ரல் 27இல் எல்லையிலுள்ள பன்முன்ஜோமில் இரு கொரியத் தலைவர்களும் சந்தித்தபோது, விருந்துக்கு பியோங்யாங்கின் ஒக்ரியுக்வான் உணவகத்திலிருந்து சமையற்காரர்களையும் நூடுல்ஸ் பிழியும் இயந்திரத்தையும் எல்லைக்கே வரவழைத்தார்கள். செய்து எடுத்து வந்திருக்கலாமே என்று தோன்றும். பிழிந்து, வெந்து, அலசிய இழை வெகுநேரம் தாங்காது என்பது தெரிந்தவர்கள் இயந்திரத்தைத்தான் தூக்கி வருவார்கள். அன்று மதியம் சியோலின் நேங்மியோன் கடைகளில் கூட்டம் வெளியே வழிந்தது. 2022இல் பியோங்யாங் நேங்மியோன் வழக்கத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மறுபடி அந்தக் கிண்ணத்துக்கு வருகிறேன். முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை. இழையை மெல்ல மெல்ல, லேசாக வறுத்த தானியம் மாதிரி பக்வீட்டின் மணம் மேலே வருகிறது. பாதி தீர்வதற்குள் பனி ஊசிகள் உருகத் தொடங்கிவிடுகின்றன. சாறு நாலு டிகிரியிலிருந்து பத்துக்கு ஏறுகிறது, பிறகு அதற்கும் மேலே. நாக்கின் மதகுகள் ஒவ்வொன்றாக இளகுகின்றன. முதலில் வெறும் புளிப்பாக இருந்ததில் முள்ளங்கியின் இனிப்பு தெரிகிறது, அதற்குப் பின்னால் இறைச்சியின் ருசி. இழை தீர்ந்துவிட்டது. கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி, அடியில் மிஞ்சியதைக் கடைசிவரை குடிக்கிறார்கள். முதல் வாயில் குடித்ததும் இதே சாறுதான்.